பிராசசர் மாற்றிய பின் கணினி எழவில்லை: 1155 சாக்கெட் மதர்போர்டுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

2011 முதல் 2013 வரை வாங்கப்பட்ட மேசைக் கணினிகள் இன்னும் டிடிபி கடைகளிலும் பள்ளி ஆய்வகங்களிலும் வீட்டு மூலைகளிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுள் பலவற்றில் எச்61 சிப்செட் (போர்டின் உறுப்புகளை இணைக்கும் துணைச் சில்லு) கொண்ட மதர்போர்டும், அதில் பென்டியம் ஜி620 அல்லது ஐ3-2120 போன்ற 2 கோர் பிராசசரும் இருக்கும். அதே சாக்கெட்டில் (போர்டில் பிராசசர் அமரும் இடம்) பொருந்தக்கூடிய ஐ5-3470, ஐ7-3770 ஆகியவை பழைய பொருளாக எளிதில் கிடைப்பதால், வேறு எதையும் மாற்றாமல் பிராசசரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. எண்ணம் சரியானதே, ஆனால் மாற்றி முடித்துப் பொத்தானை அழுத்தியதும் திரை கறுப்பாகவே நின்றுவிட்டால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று தெரியாமல் திகைத்துப்போகிறார்கள். அவர்களுக்காக, கண்ணில் படும் அறிகுறியை வைத்துக் காரணத்தைத் தேடும் முறையில் இதை எழுதுகிறேன். 'செயலி' என்ற சொல் கைப்பேசியின் ஆப்களுக்கே நிலைத்துவிட்டதால், குழப்பம் வராமலிருக்கப் பிராசசர் என்றே குறிப்பிடுகிறேன்.

எந்த அறிகுறிக்கும் முன்பாக ஒன்றை வலியுறுத்த வேண்டும். கழற்றிய பழைய பிராசசரைக் கடைக்காரரிடம் மாற்றுப் பொருளாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள். மல்டிமீட்டராலும் சோதனை அட்டையாலும் சொல்ல முடியாத ஒரு விடையை அந்தப் பழைய பிராசசர் சொல்லும்: அதைத் திரும்ப மாட்டிக் கணினி எழுந்தால், பழுது பயாஸிலோ (கணினியை எழுப்பும், மதர்போர்டில் பதிந்த மென்பொருள்) புதிய பிராசசரிலோ இருக்கிறது, எழாவிட்டால், மாற்றும் வேலையின்போது மதர்போர்டிலோ இணைப்புகளிலோ ஏதோ நேர்ந்திருக்கிறது. கீழே வரும் சோதனைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்தவை.

கணினியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்னேற்றத்தை வடித்துவிட வேண்டும். கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே பிராசசரைக் கையில் எடுக்க வேண்டும். அதுவும் ஓரங்களை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும்.

பிராசசர் சாக்கெட்டில் உட்காரவில்லை

வாங்கி வந்தது வேறு சாக்கெட்டுக்கு உரியதா என்று முதலில் பாருங்கள். இன்டெல்லின் 1156, 1155, 1150, 1151 ஆகிய சாக்கெட்டுகளின் பிராசசர்கள் அனைத்தும் ஒரே அளவுச் சதுரமாகத் தோன்றும். கண்ணால் மட்டும் பார்த்து வேறுபாடு சொல்வது கடினம். 2011 தொடக்கத்தில் வந்த இரண்டாம் தலைமுறையான சாண்டி பிரிட்ஜும், 2012 ஏப்ரலில் வந்த மூன்றாம் தலைமுறையான ஐவி பிரிட்ஜும் மட்டுமே 1155 சாக்கெட்டுக்கு உரியவை. பெயரில் ஐ5, ஐ7 என்பதற்குப் பின் வரும் நான்கு இலக்க எண் 2 அல்லது 3 என்று தொடங்கினால் பெரும்பாலும் பொருந்தும். ஐ5-4570 போல 4 என்று தொடங்குவது 1150 சாக்கெட்டுக்கு உரியது, பொருந்தாது. பிராசசரின் இரு ஓரங்களில் உள்ள சிறு வெட்டுகள் சாக்கெட்டின் முளைகளோடு நேராக அமைய வேண்டும். மூலையிலுள்ள தங்க முக்கோணமும் சாக்கெட்டின் குறியோடு ஒத்துப்போக வேண்டும்.

சரியாக அமர்ந்த பிராசசர் எந்த மூலையைத் தொட்டாலும் ஆடாது. அதன் பிறகு நெம்புகோலை இறக்கும்போது கை அசரும் அளவுக்கு எதிர்ப்பு இருக்கும், லேசாக நெரியும் ஓசையும் கேட்கும், அது இயல்பானது. ஆனால் பிராசசர் ஆடிக்கொண்டிருக்கும்போதே நெம்புகோலை அழுத்தினால், சாக்கெட்டில் உள்ள 1155 ஊசிகளில் சில மடங்கிவிடும். ஏஎம்டியின் பழைய ஏஎம்3 வகையில் ஊசிகள் பிராசசரின் அடியில் இருந்தன. இங்கோ அவை மதர்போர்டில் இருப்பதால், மடங்கினால் இழப்பு போர்டுக்குத்தான்.

பொத்தானை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை

விசிறிகூடச் சுற்றவில்லை என்றால் பிராசசரைச் சந்தேகிப்பது கடைசியில்தான். ஹீட்சிங்கைக் (பிராசசரின் வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பகுதி) கழற்றும் அவசரத்தில் 24 ஊசி மின்இணைப்போ, முகப்புப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய கம்பியோ விலகியிருக்கும். எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டியின் பின்புறச் சுவிட்ச் அணைந்திருக்கும். அல்லது கீழே விழுந்த திருகு ஒன்று மதர்போர்டுக்கும் கேபினட்டுக்கும் இடையில் சிக்கிக் குறுக்குமின் உண்டாக்கியிருக்கும். இவை அனைத்தும் சரியாக இருந்தும் அசைவில்லை என்றால் பழைய பிராசசரை மாட்டிப் பார்க்கலாம்.

விசிறி சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை

மிக அதிகமாகக் காணப்படும் அறிகுறி இதுதான். இதற்கு ஐந்தாறு காரணங்கள் உண்டு. எளிதில் சோதிக்கக்கூடியதில் தொடங்கி வரிசையாகச் செல்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

முதலில் சாக்கெட்டுக்கு அருகிலுள்ள 4 ஊசிச் சதுர இணைப்பைப் பாருங்கள். சில போர்டுகளில் அது 8 ஊசிகளாக இருக்கும். பிராசசருக்கான 12 வோல்ட் மின்சாரம் இதன் வழியாகவே வருகிறது. இது கழன்றிருந்தால் விசிறிகள் சுற்றும், விளக்கு எரியும், ஆனால் பிராசசர் உயிர்பெறாது. ஒருமுறை முழு மாலையும் பயாஸைக் குறைகூறிக்கொண்டிருந்த பிறகு, ஹீட்சிங்கின் நிழலில் பாதி கழன்று நின்ற இந்த இணைப்பைக் கண்டுபிடித்தேன். அன்று முதல் வேறு எதைத் தொடுவதற்கு முன்பும் இதைக் கையால் அழுத்திப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இரண்டாவதாக, வாங்கிய பிராசசருக்குள் கிராபிக்ஸ் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஐ7-3770இன் விலைக்குக் கீழே கிடைக்கிறது என்று சர்வர்களுக்கான சியான் ஈ3-1230 வி2 வாங்குபவர்கள் உண்டு. 4 கோர், 8 திரெட், 69 வாட் என்று எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனால் அதனுள் கிராபிக்ஸ் கிடையாது. ஐ5-3350பி, ஐ5-2550கே ஆகியவற்றிலும் கிராபிக்ஸ் இல்லை. இவற்றை மாட்டிவிட்டு மதர்போர்டின் விஜிஏ துளையில் மானிட்டரை இணைத்தால் வாழ்நாள் முழுவதும் காத்திருந்தாலும் படம் வராது. தனி கிராபிக்ஸ் கார்டு ஒன்று வேண்டும். கணினி உள்ளே இயங்கிக்கொண்டுதான் இருக்கிறதா என்று அறிய, விசைப்பலகையின் நம்லாக் விசையை அழுத்திப் பாருங்கள். விளக்கு அணைந்து எரிந்தால் பிராசசர் வேலை செய்கிறது, படம்தான் வெளியே வரவில்லை என்று பொருள்.

மூன்றாவது காரணம் பயாஸ். சிக்கலின் கனம் இங்குதான் இருக்கிறது. 2011இல் தயாரான எச்61 போர்டு, ஐவி பிரிட்ஜ் பிறப்பதற்கு முன்பே தொழிற்சாலையை விட்டு வந்தது. அதன் பயாஸுக்கு அந்தப் பிராசசரை அடையாளம் தெரியாது. தெரியாத பிராசசரைக் கொண்டு கணினியை எழுப்பவும் அதற்கு வழியில்லை. எச்61, எச்67, பி67, இசட்68 ஆகிய சிப்செட்டுகளில் போர்டுத் தயாரிப்பாளர் வெளியிட்ட பிந்தைய பயாஸை ஏற்றினால் ஐவி பிரிட்ஜ் எழும். பி75, எச்77, இசட்77 முதலிய ஏழாம் வரிசைச் சிப்செட்டுகள் ஐவி பிரிட்ஜுக்காகவே வந்தவை. அவற்றில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கியூ65, கியூ67, பி65 ஆகிய மூன்றுக்கும் இன்டெல் ஐவி பிரிட்ஜ் ஆதரவைக் கொடுக்கவே இல்லை.

இந்த மூன்று சிப்செட்டுகளும் அலுவலகங்களுக்காக விற்கப்பட்ட பிராண்டட் கணினிகளில் இருப்பவை என்பதால், பழைய அலுவலகக் கணினி வாங்கியவர்கள் இதில் அதிகமாகச் சிக்குகிறார்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் 790இலும் எச்பி காம்பாக் 8200 எலைட்டிலும் இந்த வகைச் சிப்செட்டே இருப்பதால் அவற்றுக்கு ஐ7-3770 பயன்படாது. அடுத்த ஆண்டு வந்த ஆப்டிபிளெக்ஸ் 7010, காம்பாக் 8300 எலைட் ஆகியவை கியூ77 கொண்டவை என்பதால் பயன்படும். வெளித்தோற்றத்தில் இவை ஒன்றுபோலவே இருப்பதால் மாடல் எண்ணைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். முதல் வகைக் கணினி வைத்திருப்பவர் வருந்த வேண்டியதில்லை: சாண்டி பிரிட்ஜ் வகையான ஐ5-2400 அல்லது ஐ7-2600 பொதுவாக அவற்றில் பொருந்தும். வேகத்தில் ஐ7-2600க்கும் ஐ7-3770க்கும் உள்ள இடைவெளி அன்றாட வேலையில் உணரும்படியானது அன்று. 77 வாட்டுக்குப் பதில் 95 வாட் என்பதால் வெப்பத்தைத்தான் சற்றுக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

பயாஸ்தான் காரணம் என்று தோன்றினால் பழைய பிராசசரை மாட்டிக் கணினியை எழுப்பி, விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற பக்கத்தைத் திறந்து, பயாஸின் பதிப்பையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் போர்டுக்கான பிராசசர் ஆதரவுப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு பிராசசருக்கும் எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஆதரவு என்று அதில் இருக்கும். போர்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒரே பெயர் கொண்ட போர்டின் ரிவிஷன் 1.0க்கும் 2.0க்கும் பயாஸ் கோப்புகள் வேறுபடலாம். பட்டியலிலேயே இல்லாத பிராசசரை வாங்கிவிட்டால், வேறு எந்தச் சோதனையும் செய்யாமல் விற்றவரிடம் திருப்பிக் கொடுப்பதே நல்லது.

நான்காவதாக ரேம். பிராசசர் மாற்றும்போது ரேம் அட்டை அசைந்திருக்கலாம். இரண்டையும் கழற்றி, தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு, ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள். பிறகு துளையை மாற்றிப் பாருங்கள். போர்டில் சிறு ஒலிபெருக்கி இருந்தால் இந்த வேலை எளிது: ரேம் இல்லாமல் எழுப்பும்போது பீப் ஒலி கேட்டால், பிராசசரும் பயாஸும் ஒன்றையொன்று அறிந்துகொண்டு, ரேமைத் தேடும் கட்டம் வரை வந்துவிட்டன என்று பொருள். ரேம் இல்லாதபோதும் மௌனமாகவே இருந்தால் கவலை பிராசசர் பக்கமோ பயாஸ் பக்கமோதான் இருக்கிறது.

ஐந்தாவதாக, பயாஸில் சேமிக்கப்பட்ட பழைய அமைப்புகளை அழித்துவிடுங்கள். மின்கம்பியைப் பிடுங்கி, சிஆர்2032 என்ற வட்டப் பேட்டரியை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மாட்டினால் போதும். கையேட்டில் குறிப்பிட்ட ஜம்பரைச் சேர்த்தும் செய்யலாம். 3 வோல்ட் தர வேண்டிய அந்தப் பேட்டரி பத்தாண்டுப் பழையதாக இருந்தால் இதைச் சாக்காக வைத்துப் புதியதை மாட்டிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு டிஸ்ப்ளே இல்லை, பழைய பிராசசரிலும் இல்லை என்றால் சாக்கெட்டின் ஊசிகளைப் பார்க்க வேண்டும். நேர்மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஊசிகளின் நுனிகள் வரிசையாக மின்னும்; மடங்கிய ஊசி இருக்கும் இடத்தில் அந்த வரிசை, கோலத்தில் ஒரு புள்ளி விலகியதுபோல் உடைந்து தெரியும். கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்ப்பதும் உதவும். ஒன்றிரண்டு ஊசிகள் என்றால், கரிமுனை நீக்கிய மெக்கானிக்கல் பென்சிலின் நுனித் துளையை ஊசியின்மேல் செருகி, பக்கத்து ஊசிகள் சாய்ந்திருக்கும் அதே கோணத்துக்கு மெதுவாகக் கொண்டுவரலாம். ஒருமுறை நிமிர்த்தினால் நிற்கும். முன்னும் பின்னுமாக நான்கு முறை வளைத்தால் ஒடிந்துவிடும்.

சில விநாடிகள் ஓடி நின்று, மீண்டும் தானாகவே எழுகிறது

இது டிஸ்ப்ளே வராத சிக்கலின் இன்னொரு முகம். பயாஸ் புதிய பிராசசரை ஏற்க முடியாமல் மீண்டும் மீண்டும் முயன்றாலும் இப்படி நடக்கும். ரேம் அமைப்பு ஒத்துவராமல் போனாலும் நடக்கும். ரேமை ஒன்றாகக் குறைத்துப் பேட்டரியை எடுத்து மாட்டிய பிறகு இரண்டு மூன்று முறை இப்படி எழுந்து அடங்கி, பின்பு நிலைபெற்றால் கவலை வேண்டாம். புதிய பிராசசருக்கு ஏற்ப ரேம் வேகத்தைப் போர்டு புதிதாகக் கணித்துக்கொள்கிறது. சாண்டி பிரிட்ஜ் டிடிஆர்3 ரேமை அதிகபட்சம் 1333 வேகத்திலும் ஐவி பிரிட்ஜ் 1600 வேகத்திலும் இயக்கும் வகையில் வரையறுக்கப்பட்டவை. ஓயாமல் தொடர்ந்தால் முன் சொன்ன பயாஸ் பகுதிக்குத் திரும்புங்கள்.

பயாஸைப் புதுப்பித்த பின் எந்தப் பிராசசரிலும் எழவில்லை

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிருக்கலாம், அல்லது வேறு ரிவிஷனின் கோப்பை ஏற்றியிருக்கலாம். எச்61 முதலிய ஆறாம் வரிசைப் போர்டுகளில் ஐவி பிரிட்ஜ் ஆதரவுக்காகப் பயாஸோடு சேர்த்து மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற உள்மென்பொருளும் 7ஆம் பதிப்பிலிருந்து 8ஆம் பதிப்புக்கு மாற வேண்டியிருந்தது. அதனால் சில தயாரிப்பாளர்கள் முதலில் இடைப்பட்ட ஒரு பதிப்பு, பிறகு இறுதிப் பதிப்பு என்று இரண்டு படிகளாகச் செய்யச் சொன்னார்கள். நடுப்படியைச் செய்யாமல் விட்டவர்களுக்குச் சிக்கல் வந்தது.

இந்த நிலைக்கு வந்துவிட்டால் பேட்டரியை எடுத்துப் பார்ப்பது முதல் முயற்சி. இரட்டைப் பயாஸ் கொண்ட போர்டு என்றால் மாற்றுப் பிரதியிலிருந்து அது தன்னையே மீட்டுக்கொள்ளக்கூடும். மற்றப் போர்டுகளில் பயாஸ் இருப்பது 8 கால்கள் கொண்ட ஒரு சிறு சில்லில்; அதைக் கழற்றியோ கிளிப் மாட்டியோ புரோகிராமர் கருவியால் சரியான கோப்பை எழுதலாம். மதர்போர்டு பழுது பார்க்கும் கடைகளில் இந்த வேலை செய்துதருவார்கள். நேரமும் குறைவு, செலவும் அதிகமில்லை. அந்தச் சில்லில் போர்டின் நெட்வொர்க் முகவரி போன்ற தனித்தகவல்களும் இருக்கக்கூடும் என்பதால், எழுதுவதற்கு முன் பழைய உள்ளடக்கத்தைப் படித்துச் சேமித்துக்கொள்ளும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள்.

இன்னும் புதுப்பிக்கத் தொடங்காதவர்களுக்கு: யுபிஎஸ்ஸில் இணைத்து, பழைய பிராசசர் மாட்டிய நிலையிலேயே, ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவிலிருந்து, பயாஸின் உள்ளேயே இருக்கும் புதுப்பிப்புக் கருவியைக் கொண்டு செய்யுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்து செய்யும் மென்பொருளை நான் தவிர்த்துவிடுகிறேன்.

ரேமில் பாதி காணவில்லை

கணினி நன்றாக எழுகிறது. ஆனால் 8 ஜிபி இருந்த இடத்தில் 4 ஜிபிதான் தெரிகிறது. பலர் ரேம் கெட்டுவிட்டது என்று புதியது வாங்கிவிடுகிறார்கள். இந்தத் தலைமுறையில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. எச்61 போர்டின் இரண்டு துளைகளும் இரண்டு தனி வழிகளாகச் சாக்கெட்டின் ஊசிகள் மூலம் பிராசசரைச் சேர்கின்றன. ஆகவே ஒரு வழிக்குரிய ஊசி ஒன்று மடங்கினாலோ, தூசியோ, ஹீட்சிங்குக்கு அடியில் பூசும் தெர்மல் பேஸ்ட்டோ ஒட்டியிருந்தாலோ, ஒரு துளை முழுவதும் செத்ததுபோல் ஆகிவிடும்.

நல்ல ரேம் ஒன்றை முதல் துளையிலும் பிறகு இரண்டாம் துளையிலும் மாட்டிப் பாருங்கள். ஒரு துளையில் மட்டும் தொடர்ந்து தெரியவில்லை என்றால் ஹீட்சிங்கின் நான்கு பிடிகளையும் தளர்த்தி, ஒரே அளவு அழுத்தத்தில் மீண்டும் பொருத்துங்கள். ஒரு மூலை மட்டும் இறுகியிருந்தால் பிராசசர் நூலளவு சாய்ந்து, எதிர்மூலை ஊசிகள் தொடாமல் போகும். அதிலும் சரியாகாவிட்டால் பிராசசரை எடுத்து, அதன் அடிப்புறத் தங்கப் புள்ளிகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் உதிராத துணியால் துடையுங்கள். சாக்கெட்டின் ஊசிகளைத் துணியால் தொடவே கூடாது. ஓர் இழை சிக்கினாலும் ஊசி வளைந்துவிடும்.

விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தால் 4 ஜிபிக்கும் குறைவாகவே காட்டும். அது பிராசசர் மாற்றியதால் வந்த குறையன்று.

சூடாகிறது, தானாக அணைகிறது

பொத்தானை அழுத்திய ஓரிரு நிமிடங்களுக்குள் அணைந்தால் ஹீட்சிங்க் பிராசசரைத் தொடவே இல்லை என்று கொள்ளலாம். இன்டெல் கொடுத்த ஹீட்சிங்கின் நான்கு பிளாஸ்டிக் முளைகளும் இந்தக் கணினிகளின் நித்தியத் தலைவலி. மேலே உள்ள அம்புக்குறியின் திசையில் திருப்பினால் முளை விடுபடும். மாட்டுவதற்கு முன் அதைப் பழைய நிலைக்குத் திருப்பிவைத்து, எதிரெதிர் மூலைகளாக அழுத்த வேண்டும். ஒவ்வொன்றும் 'டிக்' என்று ஓசை தரும். ஓசையை மட்டும் நம்பாமல், போர்டின் பின்புறம் பார்த்து, ஒவ்வொரு வெண்முளையும் விரிந்து, நடுவில் கறுப்புத் தண்டு தெரிகிறதா என்று உறுதிசெய்யுங்கள். பத்தாண்டு வெப்பத்தில் இற்றுப்போன முளை அழுத்தும்போது உடைவது வழக்கம். முளைகள் மட்டும் தனியாகக் கிடைக்கின்றன.

அரை மணி நேரம் கழித்து, கனமான வேலையின்போது மட்டும் அணைந்தாலோ வேகம் குறைந்தாலோ, காரணம் ஹீட்சிங்கின் தகுதி. ஐ3-2120 65 வாட். ஐ7-3770 77 வாட். ஐ7-2600 95 வாட். பழைய ஐ3யோடு வந்த மெல்லிய அலுமினிய ஹீட்சிங்கை, அதுவும் இறக்கைகளில் தூசி அடைத்த நிலையில், 4 கோர் பிராசசரின்மேல் வைத்துவிட்டுச் சித்திரை வெயிலில் வீடியோ எடிட்டிங் செய்தால் அது தாங்காது. நடுவில் செம்பு உருளை பதித்த ஹீட்சிங்கைத் தேடி வாங்குங்கள். 1156, 1150, 1151 சாக்கெட்டுகளுக்கான ஹீட்சிங்கின் துளை இடைவெளியும் இதே 75 மில்லிமீட்டர்தான் என்பதால் அவை பொருந்தும்; பழைய 775 சாக்கெட்டின் இடைவெளி 72 மில்லிமீட்டர், ஆதலால் அது பொருந்தாது.

பழைய பேஸ்ட்டை இரு பரப்பிலும் முழுமையாகத் துடைத்துவிட்டு, துவரம்பருப்பு அளவு புதிய பேஸ்ட்டை நடுவில் வைத்தால் போதும். அழுத்தத்தில் அது தானாகப் பரவும். தோசை மாவு ஊற்றுவதுபோல் தாராளமாகப் பூசினால் ஓரங்களில் வழிந்து சாக்கெட்டுக்குள் இறங்கிவிடும். ஐவி பிரிட்ஜில் உலோக மூடிக்கும் உள்ளிருக்கும் சில்லுக்கும் இடையில் இன்டெல் பற்றவைப்புக்குப் பதில் பேஸ்ட்டையே இட்டிருந்ததால், வாட் குறைவாக இருந்தும் அது சாண்டி பிரிட்ஜைவிடச் சற்றுச் சூடாகக் காட்டுவது இயல்பு. நம் ஊர் அறை வெப்பத்தில் சும்மா இருக்கும்போது 45 பாகை செல்சியஸ் வரையிலும், முழுச் சுமையில் 80 வரையிலும் ஏறினால் நான் கவலைப்படுவதில்லை. 95ஐத் தொட்டால் நிறுத்திவிட்டு ஹீட்சிங்கைப் பார்க்கிறேன்.

எழும்போது விசிறிப் பிழை என்று எச்சரிக்கை வந்து நின்றால், விசிறியின் கம்பியைச் சிபியு ஃபேன் என்று அச்சிட்ட ஊசிகளில் மாட்டாமல், கேபினட் விசிறிக்கான ஊசிகளில் மாட்டியிருப்பீர்கள்.

புதிய பிராசசர் முழு வேகத்தில் ஓடவில்லை

1.6 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறுபவர்கள் உண்டு. இவ்வகைப் பிராசசர்கள் வேலையில்லாதபோது மின்சாரத்தை மிச்சப்படுத்த 1.6 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்குபவை. கனமான வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பாருங்கள்: ஐ7-3770 என்றால் 3.4 முதல் 3.9 வரையிலும், ஐ5-3470 என்றால் 3.2 முதல் 3.6 வரையிலும் காட்ட வேண்டும். சுமையிலும் 1.6ஐத் தாண்டவில்லை என்றால் விண்டோஸின் பவர் திட்டத்தில் பிராசசரின் உச்ச நிலை 100 விழுக்காடாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியென்றால் வெப்பநிலையைப் பாருங்கள். வேகம் ஏறி, வெப்பமும் ஏறி, பிறகு வேகம் மட்டும் விழுந்தால் அது ஹீட்சிங்கின் குறை.

கோர் எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தால் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று பயாஸில் செயலிலுள்ள கோர்களின் எண்ணிக்கையும், ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர் திரெடிங் அமைப்பும்; மற்றொன்று விண்டோஸின் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் பக்கத்தில், பூட் என்ற தாவலின் மேம்பட்ட அமைப்பில் பிராசசர் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கும் குறி. "வேகம் கூடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு என்றோ அங்கே 2 என்று வைத்த குறி, பிராசசர் மாறிய பின்னும் அப்படியே நிற்கும். அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.

இரண்டிலும் குறை இல்லை என்றால் கையில் இருப்பது வேறு பிராசசராக இருக்கலாம். சிபியு-இசட் என்ற மென்பொருள் காட்டும் பெயரையும், மூடியின்மேல் பொறித்த குறியீட்டையும் ஒப்பிடுங்கள்; ஐ7-3770க்கு எஸ்ஆர்0பிகே, ஐ5-3470க்கு எஸ்ஆர்0டி8. பெயருக்குப் பதிலாக 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று பொறித்திருந்தால் அது விற்பனைக்கு முந்தைய சோதனை மாதிரி. சில பயாஸ்களில் அது எழவே எழாது.

சில நாள் கழித்து நீலத்திரை

எழுகிறது, ஓடுகிறது, ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை நீலத்திரை காட்டுகிறது என்றால் பொறுமை வேண்டும். பழைய விண்டோஸை அப்படியே வைத்துப் பிராசசரை மட்டும் மாற்றுவதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. மறுநிறுவலை நான் முதல் மருந்தாகச் சொல்வதில்லை. ஓர் இரவு முழுவதும் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓடவிடுங்கள். அதில் பிழை வந்தால் பயாஸில் ரேம் வேகத்தை 1600இலிருந்து 1333ஆகக் குறைத்து மீண்டும் சோதியுங்கள்; பழைய பிராசசரில் 1333இல் அமைதியாக இருந்த மலிவான ரேம், புதியதில் 1600க்குத் தள்ளப்பட்டதும் தடுமாறுவது உண்டு.

ரேமில் பிழை இல்லாதிருந்தும், முழுச் சுமையில் மட்டும் விழுந்தால் எஸ்எம்பிஎஸ்ஸும், சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்சீராக்கப் பகுதியும் சந்தேகத்துக்குரியவை. உச்சி உப்பிய கெப்பாசிட்டர் ஒன்று தென்பட்டாலும் போர்டு தன் முடிவை நெருங்குகிறது என்று கொள்ளுங்கள். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட் என்று ஒட்டியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாமல், நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கடனாக வாங்கி மாட்டி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். அதிலும் விழுந்தால் பழைய பிராசசரை மாட்டி அதே வேலையைச் செய்யுங்கள். பழையதில் ஒரு வாரம் நிற்கும் கணினி புதியதில் மட்டும் விழுந்தால், வாங்கிய பிராசசரையே மாற்ற வேண்டும்.

எல்லாம் சரி, ஆனால் வேகம் கூடியதாகவே தெரியவில்லை

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கணினி திணறும் நேரத்தில் பிராசசர் எத்தனை விழுக்காடு, டிஸ்க் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். பிராசசர் 15இலும் டிஸ்க் 100இலும் நின்றால், தடை சுழலும் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், இத்தகைய கணினியில் முதலில் மாற்ற வேண்டியது எஸ்எஸ்டி, அடுத்து ரேம், மூன்றாவதாகத்தான் பிராசசர். எச்61 போர்டில் வேகமான 6 கிகாபிட் சாட்டா (டிஸ்க்கை இணைக்கும்) துளைகள் பொதுவாக இல்லை; 3 கிகாபிட் துளையில் மாட்டினாலும் ஹார்டு டிஸ்க்குக்கும் எஸ்எஸ்டிக்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்குமானது.

விண்டோஸ் 11க்காகவே பிராசசரை மாற்றியவர்கள் ஏமாற்றம் அடைவார்கள். அதன் அதிகாரபூர்வ ஆதரவு இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. ஐ7-3770 ஆனாலும் அந்தப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆகவே இந்தக் கணினியை இணையத்தோடு தொடர்ந்து பயன்படுத்துபவர்கள் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை நிறுவிக்கொள்ளலாம். 4 கோர் பிராசசரும் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் அது தாராளமாக ஓடும்.